மூடி இல்லாத வாளிகள்

எங்கள் தெரு குப்பையைப் பிரித்துப் போடப் பழகியது பூமியின் மேல் வைத்த அக்கறையால் அல்ல, பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைப்பாளோ என்ற பயத்தால். அந்தப் பயத்தைக் கண்டுபிடித்தவள் நான். அதை எடுத்துப் பயன்படுத்தியவளும் நான். அதற்காகக் குற்றாலத்தில் மேடையேறிப் பொன்னாடையும் வாங்கிக்கொண்டேன். குப்பையைப் பற்றிய கூட்டத்தில் கொடுத்த அந்தப் பொன்னாடை பளபளப்பான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. வேறு சமயமாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். இப்போது நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறவள். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு வரிசையும் சேர்த்து நாற்பது வீடுகள் இருக்கும். பெரும்பாலும் வடகரைப் பக்கம் வயலும் தோப்பும் உள்ள பழைய குடும்பங்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டரைத் தட்டுகிறார்கள், பெற்றவர்கள் இங்கே ஒருவர் வாசலை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சைவக்காரத் தெரு என்று ஊரில் பெயர். வாடகைக்கு வீடு கேட்டு யார் வந்தாலும் முதல் கேள்வி, “சைவம்தானே?” என்பதுதான். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. கேட்கிறவருக்கும் அது தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். வாய்விட்டுக் கேட்டால் நாகரிகமாக இருக்காது என்பதால் சாப்பாட்டை வைத்துக் கேட்கிறோம்.

இந்தச் சைவக்காரத் தெருவின் ஆண்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு, செங்கோட்டைக்குச் சற்று முன்னால் இருக்கிற பார்டர் கடைகளுக்குப் போய்ப் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். வரும் வழியில் பீடா. என் கணவரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. இது தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசுவதில்லை. எலும்பு அங்கேயே இலையோடு போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து சேருவது வயிறு மட்டும்தான், அதைத் திறந்து யாரும் பார்ப்பதில்லை.

குப்பை விஷயத்தில் முதல் ஒரு வருடம் நான் நல்லவளாக இருந்து பார்த்தேன். நோட்டீஸ் அடித்தேன். பாலித்தீன் தின்று வயிறு வீங்கிய மாட்டின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சிற்றாறு சாக்கடையாகிக்கொண்டிருக்கிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். ஆமா டீச்சர், ஆமா டீச்சர் என்று தலையாட்டினார்கள். மறுநாள் காலையில் எல்லாக் கழிசடையும் ஒரே கறுப்புக் கவருக்குள் முடிச்சுப் போட்டு வந்தது. நான் நின்று பேசிக்கொண்டிருந்த வாசலிலேயே வந்தது.

தெருச் சங்கத்தின் தலைவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தெருவில் நான்கு வீடுகள் அவருக்குச் சொந்தம். கோயில் காரியமானாலும் துக்கமானாலும் அவர் வந்து நின்றால்தான் ஆரம்பிக்கும். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். “நம்ம தெருவுல ரெண்டு வாளி வச்சாப்புல மலை வளந்துருமா டீச்சர்? மொதல்ல மலைக்கு அந்தப் பக்கமிருந்து லாரியில கொண்டாந்து இங்கன கொட்டுதானுவ. அதப் போய்க் கேளுங்க,” என்றார்.

கேட்கவும் போனார்கள். கழிவு ஏற்றிய லாரி ஒன்று மலையிறங்கி வருகிறது என்று ஒரு நாள் செய்தி பரவியதும் தெருவே வேனில் ஏறிவிட்டது. நோட்டீஸைப் படிக்காதவர்கள், காபி கொடுத்து அனுப்பியவர்கள், வீட்டுக் குப்பையைக் கால்வாயில் தட்டுகிறவர்கள் எல்லோரும் மலையடிவாரத்து ரோட்டில், வெயிலில் நின்று கோஷம் போட்டார்கள். மண்ணைக் காப்போம் என்று கத்திக் கத்தி அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிப்போனது. லாரி வரவே இல்லை. எல்லோரும் போன பிறகு அந்த இடத்தில் கிடந்த தண்ணீர் பாட்டில்களையும் கப்புகளையும் நானும் ஒரு டீக்கடைக்காரரும் பொறுக்கினோம். அடுத்தவன் அழுக்கின் மேல் வருகிற கோபத்துக்குத்தான் எங்கள் ஊரில் சுற்றுச்சூழல் என்று பெயர் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

மார்கழியில் மீதியும் புரிந்தது. விடியற்காலையில் கோலம் போட வருகிற பெண்களை நான் கவனித்தேன். ஒருத்தியும் வாசலுக்கு வந்த உடனே குனிவதில்லை. முதலில் இடது பக்கம் பார்ப்பாள், பிறகு வலது பக்கம், எதிர்வீடு. புள்ளி எத்தனை, கலர்ப்பொடி உண்டா, பூசணிப்பூ வைத்திருக்கிறாளா. அதற்குப் பிறகுதான் மாவுக் கிண்ணத்தில் கை வைப்பாள். காய்ச்சலாகக் கிடந்தால்கூட ஒரு நாள் கோலம் விடமாட்டாள். சாமிக்குப் பயந்து அல்ல. சாமி ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும், எதிர்வீடு பொறுக்காது. முப்பது வருடமாக நானும் அப்படித்தான் இடமும் வலமும் பார்த்துவிட்டுக் குனிகிறேன்.

தை பிறந்ததும் திட்டத்தை மாற்றினேன். வீட்டுக்கு இரண்டு வாளி. மக்குகிற குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம். பச்சையில் சேர்வது தெருவுக்கென்று வெட்டிய உரக்குழிக்குப் போகும். வாளியில் கதவு எண்ணை நானே பெயின்டில் எழுதினேன். இரண்டையும் காலையில் கோலத்தின் ஓரத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். மூடி போடக்கூடாது. வண்டியில் வந்து குப்பை எடுக்கிற அம்மாவுக்குத் திறந்து மூடுகிற சிரமம் வேண்டாமே என்று காரணம் சொன்னேன். அது பொய். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான். தெருமுனைப் பிள்ளையார் கோயில் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினேன். சரியாகப் பிரித்த வீட்டின் எண்ணுக்கு நேரே பச்சைப் பொட்டு, பிரிக்காத வீட்டுக்குச் சிவப்பு. பள்ளிக்கூடம் போகிற வழியில் நானே நின்று வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் பிள்ளையாரைச் சுற்ற வருகிறவர்கள் மூன்று சுற்று சுற்றுவார்கள், மூன்று தடவையும் பலகையைப் படிப்பார்கள்.

மாட்டுப் படம் ஒரு வருடத்தில் செய்யாததைச் சிவப்புப் பொட்டு ஒரே மாதத்தில் செய்தது.

வாளிகளே ஒரு காட்சியாகிவிட்டன. பால் பாக்கெட்டைக் கழுவித் துடைத்து அடுக்கிவைத்தார்கள். ஒரு வீட்டில் மாதுளம் தோலை எல்லோர் கண்ணிலும் படும்படி மேலாக வைத்தார்கள். மறுநாள் எதிர்வீட்டு வாளியில் டிராகன் பழத்தோல். முருங்கைச் சக்கை வெட்கப்பட்டு அடியில் போய் ஒளிந்துகொண்டது. தெரு ஒருவர் வாளியை ஒருவர் படிக்கப் பழகியது. யார் வீட்டு மருமகள் மாவு அரைக்காமல் பாக்கெட் மாவு வாங்குகிறாள், யாருக்குச் சர்க்கரை மாத்திரை கூடியிருக்கிறது, யார் வீட்டில் மூன்று வேளையும் ஆன்லைன் டப்பா என்று எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. என் காதுக்கு வந்தபோது நான் ரசித்தேன். பிரிக்கிறார்கள் அல்லவா, அதற்குமேல் எனக்கு என்ன என்று இருந்துவிட்டேன்.

ஒருத்திதான் எச்சரித்தாள். குப்பை வண்டிக்கார அம்மா. ஒரு நாள் காலையில் நான் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். “வாளிக்கு ஒரு மூடி போடச் சொல்லுங்க டீச்சர். இந்தத் தெருவுல எந்த வீட்டு வயித்துல என்ன கிடக்குன்னு எனக்குத் தெரியும். பத்து வருசமா யார்ட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்ல,” என்றாள். அவளுடைய சிரமத்துக்காகத்தான் மூடி வேண்டாம் என்று வைத்திருக்கிறேன் என்று அவளிடமே சொன்னேன். எனக்கொன்னும் சிரமமில்லை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

சித்திரை வந்தபோது பலகையில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டுதான் மிச்சம் இருந்தது. அண்ணாச்சி வாடகைக்கு விட்டிருந்த கடைசி வீடு. அதில் ஒரு நர்ஸ் இருந்தாள். செங்கோட்டைப் பக்கத்துக்காரி, கணவர் துபாயில், எட்டாவது படிக்கிற மகள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, வாரத்தில் பாதி நாள் நைட் டூட்டி. மகளைத் தனியாக விட்டுப் போக வேண்டும் என்பதால் பயமில்லாத தெருவாகத் தேடித் தேடி அலைந்திருக்கிறாள். புருஷன் கூட இல்லை என்றதுமே எத்தனையோ பேர் வீடு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகிற தூரத்தில், இரண்டு பக்கமும் குடும்பம் குடியிருக்கிற வீடு அவளுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். அதற்காக ‘சைவம்தானே?’ என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு வருடமாக அந்த ஆமாமைக் காப்பாற்றிக்கொண்டும் வந்தாள்.

அவள் வீட்டுப் பச்சை வாளி எப்போதும் பாதி காலியாகக் கிடக்கும். வண்டி வரும்போது ஓடிவந்து முடிச்சுப் போட்ட கவர் ஒன்றைக் கையோடு கொடுத்துவிட்டுப் போவாள். நானும் தவறாமல் சிவப்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் குற்றாலத்தில் இயற்கைப் பாதுகாப்புக்கென்று இருக்கிற ஒரு குழுவினர் வந்து தெருவைப் பார்த்தார்கள். வியந்து வாயைப் பிளந்தார்கள். சாரல் சமயத்தில் ஒரு கூட்டம் நடத்துவதாகவும், ஒரு வீடுகூட விடாமல் பிரிக்கிற தெரு என்று எங்களைக் கௌரவிக்கப் போவதாகவும் சொன்னார்கள். ஒரு வீடுகூட விடாமல். அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஊர்ப் பெரியவர்கள் மேடையில் என் பெயரைச் சொல்வதை நான் தினமும் மனசுக்குள் கேட்க ஆரம்பித்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆசைப்பட்டேன்.

ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். நைட் டூட்டி முடித்து வந்து தூங்கி எழுந்த முகத்தோடு கதவைத் திறந்தாள். உங்கள் ஒரு வீட்டால்தான் தெருவே நிற்கிறது என்று நான் ஆரம்பித்தேன். நாற்பது வீட்டுக்காரர்கள் செய்ய முடிகிறதை, படித்த பெண், அதுவும் சுகாதாரத் துறையில் இருக்கிற பெண் செய்யாமல் இருக்கலாமா என்றேன். அண்ணாச்சி காதுக்குப் போனால் நன்றாகவா இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “எல்லாத்தையுமா டீச்சர் பிரிச்சுப் போடணும்?” என்று கேட்டாள். எல்லாவற்றையும்தான் என்றேன். “எல்லாத்தையுமேவா?” என்று மறுபடி கேட்டாள்.

இரண்டாவது தடவை கேட்டபோது என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். எனக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் வீட்டுச் சன்னல்கள் சாத்தியிருப்பதையும், அந்த நேரத்தில் ஊதுபத்தி வாசனை தூக்கலாக வருவதையும் நான் எப்போதோ கவனித்துவைத்திருந்தேன். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் பாட்டுக்கு அதை ஒரு கவரில் கட்டி வண்டிக்கார அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், நான் பச்சைப் பொட்டு வைத்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. பிழைத்துப் போயிருப்பாள். “மக்குறது எல்லாமே பச்சை வாளிதான். இதுல ஒளிக்கதுக்கு என்ன இருக்கு?” என்றேன். என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

அவள் தலையாட்டினாள். அடுத்த வாரத்திலிருந்து பலகையில் சிவப்பே இல்லை.

அவள் என்னை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் பரவாயில்லை என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். மீன் முள்ளை வாழையிலையில் சுற்றி, மேலே காய்கறித் தோலைப் பரப்பி, ஒழுங்காகப் பச்சை வாளியில் வைத்தாள். நாற்பது வீட்டில் உள்ளதை உள்ளபடி பிரித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் பார்வைக்குப் பிரித்தார்கள்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை. இரவெல்லாம் சாரல் அடித்து, காலையில் தெரு நனைந்து கிடந்தது. காக்கைக்கு மூடியில்லாத வாளி என்றால் கேட்கவா வேண்டும். தோலைக் கிளறி, இலையைப் பிரித்து, ஒரு சாளை மீன் தலையைக் கவ்விக்கொண்டு பறந்தது. இன்னொரு காக்கை துரத்தியது. வாயிலிருந்தது நழுவி, அண்ணாச்சி வீட்டு வாசலில் அப்போதுதான் போட்டு முடித்த கோலத்தின் நடுவில் விழுந்தது.

அண்ணாச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாளி வாளியாகப் பார்த்துக்கொண்டே தெருவின் கடைசி வரை நடந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாளியின் மேல் கதவு எண் என் கையெழுத்தில் கொட்டை கொட்டையாக இருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்குள் இரண்டு படமும் குழுவில் வந்துவிட்டன. ஒன்று கோலத்தில் கிடந்த தலை, இன்னொன்று வாளி எண்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வீட்டு ஹாலில் கூட்டம். நோட்டீஸ் அடித்துக் கூப்பிட்டபோது பத்துப் பேர் வந்த தெரு அன்றைக்குச் செருப்பு விட இடமில்லாமல் வந்திருந்தது. அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். மகளைக் கூட்டிவராமல் தனியாக வந்து, கதவோரம் நின்றாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தில் நான் எதிர்பார்த்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. சாதி வரவில்லை, ஆசாரம் வரவில்லை, தீட்டு வரவில்லை. எல்லோரும் என் வார்த்தைகளைப் பேசினார்கள். சுகாதாரக் கேடு என்றார் ஒருவர். தெருவின் சுற்றுச்சூழல் என்றார் இன்னொருவர். மண் வளம் கெட்டுவிடும் என்று, வீட்டு முற்றம் முழுக்க சிமெண்ட் போட்டு வைத்திருக்கிற ஒரு அம்மா சொன்னாள். பொதுநலம் என்றார் என் கணவர். முந்தின நாள் சாயங்காலம் பார்டரில் சாப்பிட்டுவிட்டு வந்த வாய். ஒரு வருடமாக நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியும் அவர்கள் காதில் ஏறாத சொற்கள் அத்தனையும் ஏறித்தான் இருந்திருக்கின்றன. வேலை வரும்வரை வைத்திருந்திருக்கிறார்கள்.

அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. அதே சமயம் நான் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்றும் இருந்தது. எழுந்து, “உடம்புக்கு ஆகாம டாக்டர் யாரும் மீன் சாப்பிடச் சொன்னாங்களா?” என்று அவளிடம் கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடு என்று கண்ணால் சொன்னேன். மருந்துக்கு என்றால் எங்கள் தெருவில் எதற்கும் மன்னிப்பு உண்டு. பிராந்திக்கே உண்டு.

அவள் என்னைப் பார்த்தாள். “சீக்கெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். எனக்குப் பிடிக்கும், சாப்பிடுதேன்,” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அண்ணாச்சியின் மேல் அல்ல, அவள் மேல். நான் நீட்டிய பொய்யை வாங்கிக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் தப்பித்திருப்போம். கௌரவம் பார்க்கிறாளே என்று எரிந்தது. பிடிக்கும் என்று நின்ற இடத்தில் நின்று சொல்ல அந்த ஹாலில் இன்னொருவருக்கும் தைரியம் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். அவர் குரல் சாந்தமாக இருந்தது. “நீங்க படிச்சவங்க, இதுல உங்களுக்குத் தெரியாதது இல்ல. மீன் கழிவ நம்ம உரக்குழியில போடலாமா டீச்சர்? நீங்க சொல்லுங்க, நாங்க கேட்டுக்கிடுதோம்.”

போடலாம் என்பதுதான் பதில். தாவரவியல் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வடகரைத் தோப்பில் தென்னைக்கு நாங்கள் ஊற்றுவது மீன் அமிலம். மீன் கழிவையும் வெல்லத்தையும் டிரம்மில் ஊறவைத்துச் செய்கிறது. அண்ணாச்சியின் தோப்பு எங்கள் தோப்புக்கு அடுத்தது, அவருக்கும் அதே ஆள்தான் கொண்டுவந்து ஊற்றுகிறான். அந்தத் தேங்காயைத்தான் தெருமுனைப் பிள்ளையாருக்கு உடைக்கிறோம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் கேட்டது கேள்வி இல்லை. நான் எந்தப் பக்கம் என்று எல்லோர் முன்னாலும் ஒரு தடவை சொல்லச் சொன்னார்.

போடக்கூடாது, புழு வைக்கும், வாடை வரும் என்று சொன்னேன்.

கதவோரத்திலிருந்து அவள் குரல் வந்தது. “நீங்கதான டீச்சர் எல்லாத்தையும்னு சொன்னிய? ரெண்டு தடவ கேட்டேன்லா.”

நாற்பது வீட்டு முகமும் என் பக்கம் திரும்பியது. இப்போது நான் யோசித்துப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் எனக்குச் சிற்றாறு நினைவில்லை, மண் நினைவில்லை, அவளுடைய மகள் நினைவில்லை. முப்பது வருடமாக இந்தத் தெருவில் சம்பாதித்த பெயர் போய்விடும் என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. நான் சிவப்புப் பொட்டு வைத்தவர்கள் எல்லோரும் எந்தப் பயத்தில் ஆடினார்களோ, அதே பயம்.

“சைவ வீட்டுல எல்லாம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். ஹாலில் இருந்த இறுக்கம் கலைந்தது. என்னைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள் என்பது தெரிந்தது. அண்ணாச்சி மாதக் கடைசிக்குள் பார்த்துக்கொள்ளம்மா என்று அவளிடம் தன்மையாகவே சொன்னார். செருப்புக் குவியலில் அவளுக்குத் தன் செருப்பைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் படியிறங்கிய பிறகு காபி வந்தது. நானும் குடித்தேன். அண்ணாச்சி வீட்டுக் காபி எப்போதும் நன்றாக இருக்கும்.

மாதக் கடைசி வரை அவள் காத்திருக்கவில்லை. அந்த வாரமே ஒரு மினி லாரி வந்தது. போகும்வரை தினமும் காலையில் இரண்டு வாளியையும் கழுவிக் கோலத்தோரம் வைத்தாள், இரண்டும் காலியாக இருந்தன. நான் பச்சைப் பொட்டு வைத்தேன். ஒருநாள் எதிரே வந்தபோது நான் நின்றேன், அவள் நிற்கவில்லை.

பிறகு நடந்ததைக் குப்பை வண்டிக்கார அம்மாதான் சொன்னாள். தென்காசியில் வீடு அமையாமல் செங்கோட்டையில் அண்ணன் வீட்டு மாடிக்குப் போய்விட்டாளாம். மகளுக்குப் பள்ளிக்கூடம் மாறிவிட்டது. தினமும் பஸ்ஸில் வந்து போவதால் நைட் டூட்டி பார்க்க முடியவில்லை, அதனால் ஐசியூவிலிருந்து எடுத்து, ஓபியில் சீட்டு எழுதுகிற இடத்தில் உட்காரவைத்துவிட்டார்களாம். பத்து வருடம் ஐசியூவில் நின்றவள். “நல்ல பொம்பள டீச்சர். முள்ளு குத்திரக்கூடாதுன்னு எனக்குன்னு தனியாச் சுத்தித் தருவா,” என்றாள் வண்டிக்கார அம்மா. என்னைக் குத்திக் காட்டச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று தெரியவில்லை. நான் அவசரமாகப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி அந்த வீட்டுக்கு வெள்ளையடித்தார். புதிதாகக் கேட்டு வருகிறவர்களிடம் இப்போது அவர் ‘சைவம்தானே?’ என்று கேட்பதில்லை. எங்கள் தெருவில் வாளியைத் திறந்து வைக்கிற பழக்கம் உண்டு, சுற்றுச்சூழலில் ரொம்பக் கண்டிப்பு என்று மட்டும் சொல்கிறார். புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பாராட்டி முதல் முறையாக ஒரு செய்தி போட்டார். தெருவே கைகூப்பியது.

ஆடியில் குற்றாலத்துக் கூட்டம் நடந்தது. ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு மண்டபம். வெளியே சாரல், அருவிக்குப் போகிற கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துச் சன்னல் வழியாகப் போட்டுக்கொண்டே நகர்ந்தன. உள்ளே நான் பேசினேன். மனிதர்களிடம் காரணம் சொல்லிப் பயனில்லை, பக்கத்து வீட்டைக் காட்டுங்கள் என்றேன். கை தட்டினார்கள். ஒரு வீடுகூட விடாமல் என்று வரவேற்றவர் சொன்னபோது, பொய்யில்லையே, இருக்கிற வீடெல்லாம் பிரிக்கிறதே என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து மண்டபத்து வாசலில் மழை விடுவதற்காக நின்றபோது ஒருவர் வந்து வணங்கினார். பக்கத்து ஊரில் அவர்கள் தெருச் சங்கத்துக்குச் செயலாளராம். என் பேச்சைப் புகழ்ந்தார். எங்கள் தெருவில் நடந்ததைக் கேள்விப்பட்டதாகச் சொல்லி என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். யாரோ ஒருவராவது கடைசியில் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுகூட அந்த ஒரு நொடியில் முடிவெடுத்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “எங்க தெருவுலயும் அப்படி ஒரு வீடு இருக்கு டீச்சர். சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல. இந்த வாளித் திட்டத்தக் கொண்டாந்தா தன்னாலயே போயிருவாங்கள்லா?”

மழை விட அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். வாளி எந்த அளவில் வாங்க வேண்டும், எண்ணை எந்தப் பெயின்டில் எழுத வேண்டும், பலகையை எங்கே மாட்டினால் எல்லோர் கண்ணிலும் படும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இன்னொரு தெரு பிரிக்கட்டுமே, இன்னொரு கால்வாய் பிழைக்கட்டுமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் ஒரு டைரியில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துப் போன் செய்து, தெரு கண்ணாடி மாதிரி இருக்கிறது டீச்சர் என்று நன்றி சொன்னார்.

அந்த ஒரு வீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.